பிரதியைத் தருமபுரியில் தேடாதீர்கள்

வணக்கம். 1962-ல் பென்னாகரத்தில் ஒரே ஓர் இரவு நடந்த இசை நாடகம், 1990-ல் அதை மறுபடி மேடையேற்றும்போது ஒரு கொலை, தொலைந்த நாடகப் பிரதி தருமபுரி கலெக்டர் ஆபீஸில் கிடைக்கிறது. உங்கள் நாவலில் இது பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். கதை சரி, இடம்தான் இடிக்கிறது. தருமபுரி தனி மாவட்டமானதே 1965-ல். 1962-ல் பென்னாகரம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. துப்பறிவாளரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். கிருஷ்ணகிரியும் 2004-ல்தான் பிரிந்தது, எனவே 1990-ல் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' வேண்டாம்.

பிரதி அரசு ஆபீஸுக்கு ஏன் போனது என்பதற்கு நாடகப் பிரதியை அதிகாரிகள் கேட்டு வாங்க இடம் தந்த 1954-ம் வருடத்து நாடகச் சட்டம் கைகொடுக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் ஆபீஸ் கோப்பைவிட ஆர்மோனியக்காரரின் நோட்டுதான் நல்ல தடயம். யாருக்கு எத்தனை கட்டை சுருதி, எந்த அடியைத் திரும்பப் பாடுவார், வசனம் எங்கே நுழையும் எல்லாம் பென்சிலில் கிறுக்கியிருக்கும். 'நான்தான் அன்றைய ராஜபார்ட்' (கதாநாயக வேடக்காரர்) என்று வருகிற போலி ஆள், சுருதி இறங்கியதற்கு வயதைக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம். பாட்டை எங்கே நிறுத்தி வசனம் பேசுவது என்று தெரியாமல் முழித்தால் தப்பிக்க முடியாது. உங்கள் முடிச்சு அங்கேதான் அவிழ வேண்டும்.

அப்புறம், கொலையைக் கடைசிக் காட்சியில் வைக்காதீர்கள். பபூன் (கோமாளி) மேடையில் இருக்கும்போது வையுங்கள், ஒருவர் கண்ணும் ஒப்பனைக் கொட்டகைப் பக்கம் போகாது.