ரிவரில் பெரிய பந்தயம்: கட்டுவதா, விடுவதா?

கேள்வி: டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; இவற்றில் சிறந்த ஐந்துதான் கணக்கு). என்னிடம் டைமண்ட் ஏஸ், கிளாவர் குயின். மேசையில் ஸ்பேட் குயின், ஸ்பேட் 8, டைமண்ட் 5, கிளாவர் 2, ஆட்டின் 2. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) என் பந்தயத்தை உயர்த்திய எதிராளி, டர்னிலும் (நான்காவது சீட்டு) கட்டினார். ரிவரில் (கடைசிச் சீட்டு) 6,000 இருக்கும் பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) 6,000 கட்டுகிறார். கால் செய்யலாமா, அதாவது நானும் 6,000 போட்டு அவர் கையைப் பார்க்கலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் மயிரிழைதான். 6,000 போட்டால் மொத்த பாட் 18,000. ஆக, மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே போட்டது திரும்பிவிடும்.

இனி எண்ணிப் பாருங்கள். இப்படி ஆடும் எதிராளியிடம் இருக்கக்கூடிய, உங்களை வெல்லும் கைகள்: கையில் 8 ஜோடி 3 விதம் (மீதமுள்ள மூன்று 8-ல் எந்த இரண்டும்; மேசையோடு மூன்று 8 ஆகிவிடும்), 5 ஜோடி 3, ஒரே இனத்தில் குயின்-8 இரண்டு, குயின்-5 ஒன்று, ஸ்பேட் ஏஸ்-2 ஒன்று, மொத்தம் 10. (8-5 பயமில்லை. ரிவரின் 2 உங்களுக்கும் குயின்-2 இரட்டை ஜோடி தந்து, அந்த இரட்டை ஜோடியைக் கெடுத்துவிட்டது.) ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வராமல் போன ஸ்பேட் கைகள்: ஜாக்-10, ஜாக்-9, 10-9, 7-6, ஏஸ்-4, ஏஸ்-3. ஆறும் புளஃப் (வெறுங்கையோடு மிரட்டல்) என்றால் 16-ல் 6, அதாவது 37.5 சதவீதம்.

உங்கள் ஏஸ் ஸ்பேடாக இருந்தால் கதையே வேறு. ஏஸ்-4, ஏஸ்-3, ஏஸ்-2 மூன்றும் அவரிடம் இருக்க முடியாது. 13-ல் 4, சுமார் 31 சதவீதம். கையை விட்டுவிடுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: தவறிய ஃபிளஷ்களை எல்லாம் புளஃப் என்று எண்ணிவிடுகிறார்கள். ரிவரில் துணிந்து கட்டாத ஆட்டக்காரர் என்றால் அந்த ஆறு இரண்டாகக் குறையும். அவருக்கு எதிராக, உங்களிடம் டைமண்ட் ஏஸ் இருந்தும் விடுவதே சரி.