சாதாரணத் தொலைநோக்கியும் சின்ன கேமராவும் போதுமா? வீடியோ வானியல் தொடங்குவது எப்படி?

சிறிய தொலைநோக்கி இருக்கிறது, அதிகம் செலவழிக்காமல் வானத்தை வீடியோவாகப் பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸைக் கழற்றிவிட்டு, அதே 1.25 அங்குலக் குழாயில் யூஎஸ்பி கேமராவைச் செருகினால் படம் மடிக்கணினித் திரைக்கு வந்துவிடும்.

நிலாவில் ஆரம்பியுங்கள், ஃபோகஸ் பழக அதைவிட நல்ல இலக்கு இல்லை. அப்புறம் வியாழன், சனி. காற்று மண்டலம் அலைந்துகொண்டே இருப்பதால் ஒற்றைப் படம் கலங்கிப்போகும். வீடியோவிலோ ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் கிடைக்கும். காற்று அடங்கிய கணங்களில் பதிவானவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தருகிறது ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும், அதனால் ஒரு பதிவை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மலிவான கேமராவின் சென்சார் மிகச் சிறியது. கோள் எளிதில் அதில் அகப்படாது. முதலில் ஐபீஸில் பார்த்து நடுவில் கொண்டுவந்து, பிறகு கேமராவை மாட்டுங்கள். குழி ஆடி கொண்ட நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கிகள் சிலவற்றில் ஃபோகஸர் (ஃபோகஸ் செய்ய நகரும் குழாய்) போதிய அளவு உள்ளே போகாது, படம் தெளியாது. உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ என்ற துணை லென்ஸைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெபுலாக்களுக்கு (விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள்) வானத்தைப் பின்தொடரும் மோட்டார் தாங்கி வேண்டும். சில விநாடிப் படங்களை ஷார்ப்கேப் என்ற மென்பொருள் உடனுக்குடன் அடுக்க, ஓரியன் நெபுலா திரையில் மெல்ல நிறம் பிடிப்பதைப் பார்ப்பது பேரானந்தம்! என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கேமராவைவிட உறுதியான தாங்கிக்கே முதலில் செலவழியுங்கள்.