இடக்கைக்காரர்கள் எந்த பேஸ் கிட்டார் வாங்கலாம்? கேள்வி பதில்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து ஆலயப் பாடகர் குழுக்களிலும் கோவில் கொடைக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களிலும் பேஸ் கற்க விரும்பும் இடக்கைக்காரர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பேஸ் வாசிப்பதோடு கிட்டார் பழுதும் பார்க்கும் நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

பாளையங்கோட்டை, ஒரு தாய்: அண்ணாச்சி, என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது கைதான். "பேஸ் வாசிக்க இப்போதே வலது கைக்கு மாற்றிவிடுங்கள்" என்கிறார் பாடகர் குழு மாஸ்டர். மாற்றலாமா?

வேண்டாம் தங்கச்சி. இடக்கை பேஸ் கிடைப்பது சிரமம் என்பதால் மாஸ்டர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் பேஸில் இரண்டு கைகளுக்கும் வேறு வேறு வேலை. ஒரு கை, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டில் கம்பியை அழுத்துகிறது. மறு கையின் விரல்கள் கம்பியை மீட்டி, டிரம்ஸ்காரர் காலால் அடிக்கும் அடியோடு ஒட்டி விழவேண்டும். அந்த விரல் இம்மி பிந்தினாலும் பாட்டே தொய்ந்துவிடும். அவ்வளவு பொறுப்பான வேலையைப் பழகிய கைக்குக் கொடுப்பதுதான் முறை. இடக்கை மிருதங்கக்காரர் வலந்தலையை இடப்பக்கம் வைத்து வாசிக்கிறார், சபையில் யாரும் தடுப்பதில்லை. கிட்டார் பிள்ளைகளை மட்டும் ஏன் வற்புறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, வெறுங்கையோடு கிட்டார் வாசிப்பதுபோல் நிற்கச் சொல்லுங்கள். யோசிக்க நேரம் கொடுக்காதீர்கள். எந்தக் கை வயிற்றருகே போய் மீட்டுகிறது என்று கவனியுங்கள். பிறகு யாரிடமாவது ஒரு கிட்டாரை வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்து ஒரே கம்பியில் பத்து நிமிடம் தாளம் தப்பாமல் மீட்டச் சொல்லுங்கள். இடக்கைக்காரர்களில் சிலருக்கு வலக்கைப் பிடிப்பே இயல்பாக வரும். உங்கள் மகன் அப்படியென்றால் வலக்கை பேஸே வாங்கலாம், கடையில் தேர்வும் நிறைய இருக்கும். இல்லையென்றால் இடக்கை பேஸ்தான், மாஸ்டரிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

நாசரேத், கல்லூரி மாணவர்: ஆலயத்தில் வலக்கை பேஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் செய்ததுபோல் கம்பிகளை மாற்றிக் கட்டி வாசிக்கலாமா அண்ணாச்சி?

ஹென்ட்ரிக்ஸ் வலக்கை கிட்டாரைத் திருப்பி, கம்பி மாற்றிக் கட்டித்தான் வாசித்தார். ஆனால் தம்பி, பேஸ் கம்பிகளின் தடிமனைப் பாருங்கள். வழக்கமான செட்டில் ஈ கம்பி 0.105 அங்குலம், ஜி கம்பி 0.045 அங்குலம். கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு இருக்கிறதே, அந்த நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் அளவாகப் பள்ளம் அறுத்திருப்பார்கள். ஜியின் பள்ளத்தில் ஈ இறங்காது, மேலே தொத்திக்கொண்டு நிற்கும். ஈயின் பள்ளத்தில் ஜி ஆடும், திறந்த கம்பியை மீட்டினால் கரகரக்கும். ஆகவே நட்டைக் கழற்றிப் புதிதாகப் போடவேண்டும். கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

அது முடிந்தாலும் உடல் அமைப்பு மாறாது. ஸ்ட்ராப் மாட்டும் நீண்ட கொம்பு கீழே போய்விடும். மேலே வரும் குட்டைக் கொம்பில் மாட்டினால் கழுத்து தரையை நோக்கிச் சாயும், அதை அழுத்தும் கையாலேயே தாங்க வேண்டிவரும். வால்யூம் திருகுகள் மேற்பக்கம் வந்து முழங்கை பட்டுத் திரும்பும், ஆராதனையின் நடுவில் ஒலி இறங்கிவிடும். கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட்டை அடையாளம் காட்டும் புள்ளிகள் அடிப்பக்கம் மறைந்துவிடும். கம்பியை மாற்றாமலே தலைகீழாக வாசித்துப் பேர் வாங்கிய பேஸ் கலைஞர் ஜிம்மி ஹாஸ்லிப் போன்றவர்களும் உண்டு. ஆனால் கற்கத் தொடங்கும்போதே இத்தனை இடைஞ்சல் வேண்டாம். பேஸ் ஆலயத்தின் சொத்து என்பதையும் மறக்கவேண்டாம், அடுத்து வாசிக்க வருபவர் வலக்கைக்காரராக இருக்கலாம்.

சுரண்டை, ஓர் இளைஞர்: திருநெல்வேலியிலும் மதுரையிலும் கேட்டுவிட்டேன், இடக்கை பேஸ் இருப்பில் இல்லை. இணையத்தில் வாங்கினால் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் கடைக்காரரிடம் தருவித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பிறகு கழுத்தைச் சரிசெய்து தரவும் ஆள் இருக்கும். ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200எல் போன்ற நான்கு கம்பி பேஸ் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். ஐந்து கம்பி இப்போது தேவையில்லை. மாடல் பெயரில் இடக்கையைக் குறிக்கும் எழுத்து விடுபட்டால் வலக்கை பேஸ் வந்து சேரும், ஆர்டரில் இருமுறை பாருங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள், முறுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்டி, எங்கே கரகரக்கிறது என்று கேளுங்கள். லேசான கரகரப்பைச் சரிசெய்துவிடலாம். கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு, 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் சுருதி காட்டும் டியூனரில் அதே ஸ்வரம் நேராகக் காட்டவேண்டும். விலகினால் பிரிட்ஜைச் சரிசெய்ய வேண்டும். உள்ளே பேட்டரி உள்ள மாடலானால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அம்பாசமுத்திரம், ஒரு தந்தை: மகளுக்குப் பன்னிரண்டு வயது, சிறிய கை. இடக்கை பேஸ் அவளுக்குப் பெரிதாக இருக்குமா?

சாதாரண பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம். 30 அங்குலக் குட்டை பேஸும் உண்டு, அதில் ஃப்ரெட்டுகள் நெருங்கியிருப்பதால் சிறிய விரலுக்கு எட்டும். பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி இடக்கைக்காரர். 1961இல் ஹாம்பர்க் நகரில் அவர் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான். இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருப்பதால் இடக்கையில் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்றுதான் அதை விரும்பினார். குட்டை பேஸைச் சிறுபிள்ளை வாத்தியம் என்று யாராவது சொன்னால் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

வள்ளியூர்: வீட்டு ஸ்பீக்கரில் மாட்டி வாசிக்கலாமா?

கூடாது. ஈ கம்பியின் அதிர்வு நொடிக்குச் சுமார் 41, சத்தமாக வைத்தால் சிறிய ஸ்பீக்கர் அதைத் தாங்காமல் கெட்டுப்போகலாம். ஹெட்ஃபோன் மாட்டும் சிறிய பேஸ் ஆம்ப் போதும், வீட்டாருக்கும் தொந்தரவு இல்லை.

உவரி: ஆசிரியர் வலக்கைக்காரர், எனக்கு எப்படிக் கற்றுத்தருவார்? கடற்காற்றில் கம்பி வேறு துருப்பிடிக்கிறது.

அவருக்கு எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் கைகள் ஒத்துப்போகும். வலக்கை மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஸ்வரக் குறிப்புகள் இரு கைக்கும் ஒன்றேதான். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து உறையில் வையுங்கள், சன்னலோரம் தொங்கவிடவேண்டாம். கம்பி மாற்றும் காலம் வந்தால் இடக்கை செட் என்று தேடி அலையவேண்டியதில்லை. அதே நான்கு கம்பிகள்தான், கட்டும் வரிசை மட்டுமே மாறும்.