அம்மாவைக் கேட்டீர்களா? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதியோர் பராமரிப்பு பற்றியவை. அவுஸ்திரேலியாவில் 2025 நவம்பர் 1 முதல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அங்கே இருக்கும் எங்கள் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

85 வயது அம்மாவை ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். வைப்புப் பணம் மூன்று இலட்சம். 12ஆம் நாள் போய்ப் பார்த்தால் முதுகில் படுக்கைப் புண். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். காசைத் திருப்பித் தர மாட்டார்களாம். கையில் இருப்பது ஒரு துண்டு மட்டும். — கொக்குவில்

முதலில் புண்ணை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வைத்தியர் எழுதித் தரும் குறிப்பில் திகதி இருக்கும். அந்த 12 நாளும் அம்மாவை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

நீங்கள் அனுப்பிய துண்டின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொப்பித் தாளில் பாதி. நீல மையில் 'ரூபா 300,000 பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி, கீழே வாசிக்க முடியாத கையெழுத்து. இல்லத்தின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, திகதிகூட இல்லை. மூன்று இலட்சத்துக்கு இப்படி ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, அந்த இல்லம் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். புண் விஷயத்தையும் எழுத்தில் கொடுங்கள். அப்புறம் இல்லத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: சேர்த்த திகதி, கூட்டி வந்த திகதி, கட்டிய தொகை, இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கெடு. பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. கடையில் பொருள் வாங்கியவர் மட்டுமல்ல, சேவைக்குக் காசு கொடுத்தவரும் நுகர்வோர்தான். முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு (83) வீட்டுக்கு வந்து உதவி செய்கிறார்கள். முன்பு ஒரு சதமும் கட்டியதில்லை. இப்போது புல்லு வெட்டவும் வீடு துடைக்கவும் பங்குப் பணம் என்று பில் வருகிறது. ஏமாற்றுகிறார்களா? — சிட்னி

அம்மாவின் அனுமதிக் கடிதத்தில் என்ன திகதி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்லலாம். பழைய வீட்டுப் பராமரிப்புப் பொதி போய், புதிய சட்டத்தோடு 'சப்போர்ட் அட் ஹோம்' என்ற வீட்டு உதவித் திட்டம் வந்திருக்கிறது. தாதி, பிசியோதெரபி போன்ற மருத்துவப் பராமரிப்புக்கு முதியவர் ஒன்றும் கட்டத் தேவையில்லை. புல்லு வெட்டு, துப்புரவு போன்ற அன்றாட வேலைகளுக்கு முழு ஓய்வூதியம் எடுப்பவர் 17.5 வீதம் கட்ட வேண்டும். வசதி கூடியவருக்கு அது 80 வீதம் வரை போகும்.

ஆனால் 2024 செப்டெம்பர் 12இலோ அதற்கு முன்னரோ அனுமதி பெற்று, அப்போது கட்டணம் எதுவும் கட்டாமல் இருந்தவர் இனியும் கட்டத் தேவையில்லை. பலர் இதைக் கவனிக்காமல் வந்த பில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் திகதி முந்தியதென்றால் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். மழுப்பினால் முதியோர் பராமரிப்பின் தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் ஆணைக்குழுவுக்கு 1800 951 822இல் சொல்லுங்கள். அம்மா தானே தமிழில் பேச விரும்பினால் 131 450க்கு எடுத்தால் மொழிபெயர்ப்பாளரோடு இணைத்துவிடுவார்கள்.

முகநூல் விளம்பரம் பார்த்து ஐயாவுக்கு 7,500 ரூபாய்க்குக் காது மெசின் வாங்கினேன். இரைச்சல் மட்டும்தான் கேட்கிறதாம். வேறு நல்ல கொம்பனி எது? — சுன்னாகம்

காதைச் சோதிக்காமல் ஒரு மெசின் வாங்கிவிட்டு இரண்டாவதையும் அப்படியே வாங்கப் பார்க்கிறீர்கள். முதலில் ஐயாவை ஆஸ்பத்திரியில் காது கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

மனைவி போனபின் வீடுவளவை மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதினேன். 'பெற்ற பிள்ளைக்கு எழுத சீவிய உரித்து எதற்கு' என்றார்கள், வைக்கவில்லை. இப்போது விறாந்தையில் படுக்கிறேன், சாப்பாடு பக்கத்து வீட்டில். வீட்டை விற்கப் போகிறானாம். வயது 76. — வட்டுக்கோட்டை

ஐயா, உங்கள் கடிதத்தை வாசித்தபின் அன்று வேறு கடிதம் எடுக்க மனம் வரவில்லை. பிள்ளையை நம்பியது பிழை இல்லை. சாகும்வரை அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்ற அந்தச் சீவிய உரித்து வரியை எழுதாமல் விடச் சொன்னவர்கள்தான் பிழை செய்தவர்கள்.

இரண்டு வழி இருக்கிறது. நன்கொடை பெற்றவர் மிக மோசமாக நன்றிகெட்டு நடந்தால், மீளப்பெற முடியாது என்று எழுதிய நன்கொடை உறுதியையும் நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். அதற்கென்றே 2017ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இதற்குக் காலக்கெடு உண்டு, வீடு கைமாறினால் சிக்கலும் கூடும். ஆகவே இந்த வாரமே உறுதியின் பிரதியோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், விற்பனையைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதையும் அவரிடம் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கிறது. மற்றது பராமரிப்பு. பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது, பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று மேலே சொன்ன 2000ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் அந்தச் சட்டத்தின் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து, பிள்ளையிடமிருந்து மாதப் பணம் பெறக் கட்டளை வாங்கலாம். அந்த விண்ணப்பத்துக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர் உதவுவார். பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நடந்ததைக் கண்டவர்கள் அவர்கள்.

அம்மா பராமரிப்பு இல்லத்தில். எல்லா அலுவலும் நான்தான் பார்த்தேன். இப்போது எதற்கும் அம்மாவையே கேட்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நானே முடிவெடுக்க எந்தப் படிவம் நிரப்ப வேண்டும்? — மெல்பேர்ண் (சொந்த இடம் நல்லூர்)

'அம்மாவுக்கு என்ன தெரியும்' என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த நேரம். ரவுணில் ஒரு கடையில் 38,000 ரூபாய்க்குச் சக்கர நாற்காலி வாங்கினேன். தடித்த மெத்தை, பளபளக்கும் இரும்பு. அம்மாவை ஒரு சொல் கேட்கவில்லை. வீட்டில் இறக்கிப் பார்த்தால் நாற்காலியின் அகலம் 26 அங்குலம், எங்கள் குளியலறைக் கதவு 24. முன் சில்லுகள் சின்னவை, முற்றத்து மணலில் புதைந்துவிடும். நான் பில் கேட்டு வாங்கவில்லை, கடைக்காரரும் திருப்பி எடுக்கவில்லை. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கிணற்றடிக்குப் போக ஏதும் இருந்தால் போதும், பிள்ளை" என்றார். நாலு காலுள்ள ஊன்றுகோலைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். அது நாற்காலி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அன்றிலிருந்து முதியோருக்காகப் பொருளோ சேவையோ வாங்குகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவரைக் கேட்டீர்களா?

அவுஸ்திரேலியாவில் சட்டம் மாறியதும் இதற்காகத்தான். முதியோர் பராமரிப்பை விசாரிக்க 2018இல் அமைத்த அரச ஆணைக்குழு 2021 மார்ச்சில் இறுதி அறிக்கை வெளியிட்டது. 148 பரிந்துரைகள். 1997ஆம் ஆண்டுப் பழைய சட்டம் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் முறையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தது. புதியது முதியவரின் உரிமைகளிலிருந்து தொடங்குகிறது: தன் முடிவைத் தானே எடுக்கலாம், அதில் கொஞ்சம் ஆபத்து இருந்தாலும் எடுக்கலாம், தன் மொழியில் பேசலாம், பழிவாங்குவார்களோ என்று பயப்படாமல் முறையிடலாம். முதியவருக்கு முடிவெடுக்க முடியும் என்றுதான் சட்டம் தொடங்கும்.

உங்களுக்கு வேண்டிய படிவம் 'பதிவு செய்த ஆதரவாளர்'. அரசின் முதியோர் பராமரிப்புத் தகவல் சேவையை (மை ஏஜ்ட் கெயார்) 1800 200 422இல் கேட்டால் வழி சொல்வார்கள். தகவல்கள் உங்களுக்கும் வரும், அம்மா நினைப்பதை எடுத்துச் சொல்ல உதவலாம். முடிவு அம்மாவுடையது. மறதி முற்றி முடிவெடுக்கவே முடியாத நிலை என்றால், உங்கள் மாநிலச் சட்டப்படி அதிகாரப் பத்திரமோ பாதுகாவலர் நியமனமோ வேண்டும். அது வேறு அலுவல்.

எத்தனை மணிக்குக் குளிப்பது, குளிப்பாட்டுவது பெண்ணாக இருக்க வேண்டுமா, இரவில் சோறா இடியப்பமா, வெள்ளிக்கிழமை மரக்கறி கிடைக்குமா. இதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது கணக்கை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிடப் பராமரிப்பு என்பது நாடளாவிய சராசரி இலக்கு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியுடையது. இல்லத்துக்கு இல்லம் கொஞ்சம் மாறும். உங்கள் அம்மாவின் இல்லம் எத்தனை நிமிடம் கொடுக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.

முதியோர் அடையாள அட்டை எடுத்துத் தர ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? — சாவகச்சேரி

கொடுக்க வேண்டாம். 60 வயது ஆகிவிட்டதென்றால் தேசிய அடையாள அட்டையோடு முதலில் கிராம அலுவலரிடம் போங்கள், அங்கிருந்து பிரதேச செயலகம். நடக்க முடியாதவர் என்றால் உங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் சொல்லி வையுங்கள்.