எல்லாம் ஒரே தண்ணீர்தானே, பிறகு எதற்கு ஐந்து பெருங்கடல்கள்?

ஒரே தண்ணீர்தான். ஐந்து பெயரையும் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று யாரும் சொல்லித்தராததால் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன்.

கோடு போட்டது கப்பல்களுக்காக. எந்தப் பரப்புக்கு எந்தப் பெயர் என்பதில் எல்லா நாட்டுக் கடல் வரைபடங்களும் ஒத்துப்போக வேண்டும். மொனாக்கோவில் உள்ள சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 1928இல் எஸ்-23 என்ற எல்லை ஏட்டை வெளியிட்டது. அதன் கடைசிப் பதிப்பு 1953. கரை இருக்கும்வரை வேலை சுலபம்; கரை முடிந்ததும் தீர்க்கரேகையைப் பிடித்துத் தெற்கே இறங்கிவிடுவார்கள். அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் பிரிவது ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுலாஸ் முனை வழியே போகும் 20 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். பலரும் நன்னம்பிக்கை முனை என்பார்கள். அது சுமார் 150 கி.மீ. வடமேற்கே இருக்கிறது.

தண்ணீர் அந்தக் கோட்டை மதிக்காது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடும் அகுலாஸ் நீரோட்டத்திலிருந்து 200, 300 கி.மீ. அகலச் சுழல்கள் பிய்ந்து, இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான உப்புநீரை அட்லாண்டிக்குக்குள் கொண்டுபோகின்றன.

அதற்காகப் பெயர்கள் வெறும் கற்பனை என்று சொல்லவில்லை. அட்லாண்டிக்கின் மேல்நீர் பசிபிக்கைவிட உப்பு கூடியது. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டத்தில் தெற்கே போனால், ஓரிடத்தில் மேல்நீரின் வெப்பம் சட்டென்று 2, 3 டிகிரி இறங்கும். தென் பெருங்கடலின் இயற்கையான விளிம்பு அதுதான். ஆனால் அது வளைந்து நெளிந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அச்சிட்ட வரைபடத்துக்கு உதவாது. அதனால்தான் 60 டிகிரி தெற்கு என்று நேர்க்கோடாக வைக்கிறார்கள். தென் பெருங்கடல் என்ற பெயரையே எஸ்-23இன் 1953 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், 2002 வரைவில் திரும்பச் சேர்த்தார்கள், அந்த வரைவு நிறைவேறவே இல்லை.

கன்னியாகுமரியைச் சொல்லி யாராவது மறுப்பீர்கள். முக்கடல் என்று கும்பிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் எஸ்-23 கணக்கில் அங்கே கரையைத் தொடுவது லட்சத்தீவுக் கடல் ஒன்றுதான். வங்கக் கடல் ராமர் பாலத்தோடும், இலங்கையின் தேவேந்திரமுனையிலிருந்து சுமத்ரா பக்கம் போகும் கோட்டோடும் முடிந்துவிடுகிறது.

மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. "இரு பெருங்கடல்கள் கலக்காத அதிசயம்" என்று வாட்ஸாப்பில் சுற்றும் படங்கள் பெரும்பாலும் அலாஸ்கா வளைகுடாவில் எடுத்தவை. பனியாறு உருகி வரும் ஆற்றின் வண்டல்நீர் கடல்நீரைத் தொடும் இடம் அது. கோட்டின் இரண்டு பக்கமும் பசிபிக்தான். கொஞ்ச தூரத்தில் வண்டல் அடியில் இறங்கி, நீரும் கலந்து, கோடும் மறைந்துவிடும்.