ஆனியில் மழையே இல்லை, கொசு எங்கிருந்து?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இரண்டு மாதமாக மழை இல்லை, சாக்கடையும் காய்ந்துவிட்டது, ஆனாலும் பகலில் கடிக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில் கடிப்பது, காலில் வெள்ளை வரி இருப்பது இரண்டையும் பார்த்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான். அதற்குச் சாக்கடை தேவையில்லை. நல்ல தண்ணீர் போதும். குழாயில் தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது, அதனால் சிமெண்ட் தொட்டியில் பிடித்து வைக்கிறோம் என்றீர்களே, அங்கேதான் வளர்கிறது. இந்த வெக்கையில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்.

தொட்டியை வெறுமனே காலிசெய்தால் பலனில்லை. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில், கரிப்பொடி ஒட்டியதுபோல் இருக்கும். காய்ந்தும் பல மாதம் தாங்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அந்த விளிம்பை அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள். பிறகு பழைய வேட்டியை இழுத்துக் கட்டி மூடுங்கள். வெறும் பலகை மூடி என்றால் இடுக்கு வழியாகப் புகுந்துவிடும்.

பிரிட்ஜ் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொல்லையில் கிடக்கும் சிரட்டை, டயர், பழைய ஆட்டுரல் எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் அகற்றுங்கள் அல்லது கவிழ்த்துவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்தால் அவற்றில் ஒட்டியிருக்கும் முட்டை அத்தனையும் ஒரே வாரத்தில் பொரித்துவிடும்.