ஸ்கேனில் நீர்க்கட்டி, இறங்காத எடை: டாக்டர் பதில்கள்

கேள்வி: வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு பீரியட்ஸ் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. இது பிசிஓஎஸ் எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறுதானா?

பதில்: ஸ்கேனை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 2003-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் நிபுணர்கள் வகுத்த விதிப்படி மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். உங்களிடம் இருப்பது கடைசி ஒன்றுதான். தாடையிலோ மார்பிலோ தடித்த முடி, விடாத பரு எதுவும் இல்லையென்றால் கவலையை விடுங்கள். ஸ்கேனில் தெரிந்தவை பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள், வெட்டியெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல.

கேள்வி: மகளுக்கு 15 வயது. வயதுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பீரியட்ஸ் முன்பின்னாக வருகிறது. ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: இதற்காக வேண்டாம். வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக்கூடாது. நலமாக உள்ள பெண்களுக்கும் அந்த வயதில் சினைப்பை அப்படித் தெரியும். இடைவெளி 45 நாளைத் தாண்டிக்கொண்டே போனாலோ, பருவும் முடியும் கடுமையாக இருந்தாலோ கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: பிசிஓஎஸ் உறுதியாகிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தேன், தினமும் நடக்கிறேன், எடை அசையவே இல்லை. "யாருக்கும் தெரியாமல் தின்கிறாய்" என்கிறார்கள் வீட்டில்.

பதில்: இந்தப் பேச்சைக் கேட்காத பிசிஓஎஸ் பெண் என் அறைக்கு வந்ததே அபூர்வம். கண்ணாடியில் பின்கழுத்தைப் பாருங்கள். தோல் கருத்து, தடித்து, எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாமல் இருக்கிறதா? அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். ஈடுகட்ட உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டும், வயிற்றுப் பக்கம் கொழுப்பு சேரவும் வழி செய்யும். சேர்ந்த கொழுப்பு இன்சுலின் வேலையை இன்னும் கெடுக்கும். மாட்டிக்கொண்டால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

அதற்காக எல்லாப் பழியையும் பிசிஓஎஸ் மேல் போட்டுவிடாதீர்கள். தைராய்டு பார்த்தாயிற்றா? ஸ்டீராய்டு, வலிப்பு அல்லது மனநல மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? சிலவற்றுக்கு எடை கூடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், தொட்டாலே கன்றிப்போகும் தோல், உட்கார்ந்து எழத் தொடையில் வலுவின்மை எல்லாம் சேர்ந்து வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கான பரிசோதனை அவசியம்.

அப்புறம், நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். எடை மிஷினை மட்டும் நம்பாமல் இடுப்பையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ இறங்கினாலே பலருக்கு மாதவிடாய்ச் சுழற்சி சீராகத் தொடங்கும். 20 கிலோ குறைத்தால்தான் பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: இதற்கு எந்த டயட் நல்லது?

பதில்: மற்றதைவிட இதுதான் மேல் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. அடுத்த வருடமும் உங்களால் தொடர முடிகிற ஒன்று போதும்.

கேள்வி: நான் ஒல்லி. எனக்கும் வருமா?

பதில்: வரும். எடை ஏறவில்லை என்பதாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

கேள்வி: நாலு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. தொல்லை விட்டது என்று இருக்கிறேன். தவறா?

பதில்: முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிசிஓஎஸ் இருந்தாலும் எதிர்பாராமல் முட்டை வெளியாகலாம். கர்ப்பம் இல்லையென்றால், 90 நாளைத் தாண்டியதை விட்டுவைக்காதீர்கள். கருப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடும். சில நாள் மாத்திரையில் அதை உதிர வைக்கலாம்.

கேள்வி: சர்க்கரை நோய் இல்லை, ஆனாலும் மெட்ஃபார்மின் எழுதியிருக்கிறார். ஏன்?

பதில்: இன்சுலின் சரியாக வேலை செய்வதற்காக. எடை இதனால் கொஞ்சம்தான் இறங்கும். ஆரம்பத்தில் வயிறு கலக்கும், சாப்பாட்டோடு போட்டால் அடங்கும். வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.